மூக்குடைந்த வெள்ளிக்கிழமை

டொங்காட்டில், சர்க்கரை ஆலைக்குப் பின்னால்,
முன்பு டிங்கரிங் பட்டறையாக இருந்த தகரக் கொட்டகையில்
சரோஷினி படையாச்சி பீர் காய்ச்சுகிறாள்.
காய்ச்சுகிறாள் என்றால் பூபாலன் சிரிப்பான்:
"கஞ்சியா என்ன?"
தானியத்தை வேகவைத்து, நொதிக்க விட்டு,
காத்திருக்கிறாள்.
காத்திருப்பதுதான் வேலை என்பாள், கேட்டால்.

குழாய் மூன்று. ஒன்று பொன், ஒன்று செம்பு.
மூன்றாவது கறுப்பு. அதற்குக் கரும்புத் தீ என்று பெயர்.
வெள்ளி மாலை ஆறு மணிக்குத் தீர்ப்புகள் தொடங்கும்.

"போன வாரம் ஆரஞ்சுத் தோல் இருந்தது."
இது பூபாலன். வரி அலுவலகத்துக்காரன்,
எதையும் போன வாரத்தோடு கூட்டிக் கழிப்பான்.
"தோல் இல்லை, விதை" என்பான் மைஸ்திரி வீட்டு ரக்‌ஷாந்த்.
ம்துன்ஸி ஒரு மிடறு குடித்து ஒரு நிமிடம் கண் மூடுவான்.
"எங்கம்மா சோளத்தில் செய்வது புளிக்கும்.
புளிக்கத்தான் வேண்டும்.
இது வெட்கப்படுகிறது."
கரும்பு லாரி ஓட்டும் தேவேன்
எந்தக் குழாயில் பிடித்தாலும் ஒரே விமர்சனம்:
"அறுபது ராண்டா!"
அறுபதைக் கொடுத்துவிட்டு இன்னொன்று கேட்பார்.

பிறகு எல்லா முகமும் என் பக்கம் திரும்பும்.
கோப்பையைச் சாய்ப்பேன். விளக்குக்கு நேரே பிடிப்பேன்.
மூக்கை உள்ளே விடுவேன்,
எத்தனை நொடி விடவேண்டும் என்பது அத்துபடி.
"மல்லி விதை" என்பேன். கொஞ்சம் பொறுத்து,
"அடியில் வெல்லம்."
வெல்லம் எப்போதும் செல்லுபடியாகும்.
சர்க்கரை ஆலையின் முதுகில் உட்கார்ந்துகொண்டு
யார் வெல்லத்தை மறுப்பது?

தொற்று வந்த ஆண்டில் போன வாசனை
எனக்குத் திரும்பவே இல்லை.
மஞ்சுளா கருவாடு வறுப்பதை
எண்ணெயின் சத்தத்தில் கண்டுபிடிக்கிறேன்.
சொல்லும் அபிப்பிராயங்களில் பாதி
பக்கத்து மேசையில் ஒட்டுக்கேட்டவை.
மீதி, பழைய கையிருப்பு.
யாரிடமும் சொன்னதில்லை.
சொன்னால் நாற்காலி போய்விடும்.

அன்றைக்கும் மூன்றாவது குழாய்தான்.
பூபாலன் வாய் வரை கொண்டுபோனவன் நிறுத்தினான்.
ரக்‌ஷாந்த் துப்பினான்.
தேவேன் விலையைக்கூடச் சொல்லவில்லை.
எல்லோர் கோப்பையும் மேசையில் நிற்க
என்னுடையது மட்டும்
காலி.
"மல்லி விதை" என்றேன்.
அந்த அமைதியில் குளிர்பெட்டியின் உறுமல் கேட்டது.
"அண்ணா, இது அழுகிய முட்டை மாதிரி நாறுது" என்றான் ரக்‌ஷாந்த்,
ரொம்ப மரியாதையாக.

மூக்குடைபட்டேன் என்று சொல்வார்களே,
எனக்கு அதுவும் பொருந்தாது.
இருந்தால்தானே உடைய.

சரோஷினி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.
கையில் ஈரத்துணி.
"எவ்வளவு நாளா?"
"மூணு வருஷம்."
"அப்ப எதுக்கு வர்றீங்க?"
அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. யாரும் கேட்டதில்லை.
முதல் குழாயில் குமிழி பொடிசு, மேலண்ணத்தில் குத்தும்.
செம்பு நிறத்தது நாக்கில் கனமாகக் கிடக்கும், எழுந்திருக்க மனசில்லாததுபோல்.
கறுப்பு, ரெண்டு வாரமாகவே கதகதப்பு.
பல்லில் தெரிகிறது.
"ரெண்டு வாரமாவா?" என்றாள்.
எழுந்து தொட்டிப் பக்கம் போனாள்.
மின்வெட்டு நேரங்களை எழுதிவைத்த தாளைப் புரட்டும் சத்தம்.
பிறகு அவள் திட்டும் சத்தம்,
யாரை என்று தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்குப் போவதா வேண்டாமா என்று
வியாழன் முழுக்க யோசித்தேன்.
போனேன். நாற்காலி இருந்தது.
பூபாலன் அதில் சட்டையைப் போட்டுவைத்திருந்தான்,
இடம் பிடிக்கவா மறக்கவா, கேட்கவில்லை.

மேட்டுத் தோட்டத்தில் கரும்புக்குத் தீ வைத்திருந்தார்கள்.
கதவு வழியாகக் கரி மிதந்து வந்து
நுரைமேல் இறங்கியது, ஒரு சுருள்.
எடுத்துப் போடாமல் குடித்தேன்.
நறநறத்தது.
"எப்படி?" என்றான் ம்துன்ஸி.
"நறநறன்னு இருக்கு" என்றேன்.
கண்ணை மூடிக்கொண்டு அவன் தலையாட்டினான்,
பெரிய நுட்பத்தைக் கேட்டவன்போல.
தேவேன் மட்டும்,
"அறுபது ராண்டுக்கு?"