எழுநூற்றுப் பன்னிரண்டு

கரோயியில் இந்தப் பருவம் எழுநூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர்,
சராசரிக்கு ஒரு விரல் கூடத்தான் என்று
விவசாய அதிகாரி ஸ்விட்ஸாய் சொன்னபோது
பள்ளிக்கூட மாமரத்தடியில் எல்லோரும் தலையாட்டினோம்.
பொய் சொல்லவில்லை அவர்.

என்னிடமும் கணக்கு இருக்கிறது.
எண்ணெய்ப் போத்தலின் கழுத்தை அறுத்து
வயலோரம் கம்பில் கட்டியவள் நான்.
மகனின் கணக்கு நோட்டில், பின்பக்கத்திலிருந்து,
அவன் வகுத்தல் தவறுகளுக்குத் தலைகீழாக
ஓடுகிறது என் மழை.

நவம்பர் 21: நாற்பது.
அன்றே நட்டோம், ஈர முதுகோடு, ஆறாயிரம் நாற்று.
பிறகு இருபத்துமூன்று சுழி.
ஒவ்வொரு சுழிக்கும் தேதி போட்டேன்.
இலை நீளவில்லை, தடித்தது.
மத்தியானங்களில்
காதை மடக்கிய கழுதை மாதிரி நின்றது செடி.
ஒரு சாயங்காலம் சாலைக்கு அப்பால்
முச்சானேட்டாவின் வயலில் பதினெட்டு பெய்தது.
என் போத்தலில் தூசி.
அந்தச் சாலையின் அகலம் ஆறு எட்டு.

ஜனவரியில் மூன்றே நாளில் இருநூற்று ஆறு.
போட்ட உரம் பள்ளத்துக்குப் போனது,
அதை வாங்கிய கடன் மேட்டிலேயே நின்றது.
பிசின் கழுவிப்போன இலையைப் பறித்தால்
விரலோடு விரல் ஒட்டவில்லை.
சுத்தமான கையைப் பார்த்துப் பயந்தது
அன்றைக்குத்தான்.
பழுக்காமலே மஞ்சளித்தது அடியிலை.
முனை கிள்ளிய இடத்துக்குக் கீழே
பக்கக்கிளைகள் மட்டும் பச்சையாய்ச் சிரித்தன.
சூளை எப்போதும்போல விறகு கேட்டது.

ஏலக்கூடத்தில் என் சிப்பங்கள் ஏழு.
போன வருஷம் பதினொன்று.
வாங்குகிறவன் நடந்தபடியே ஓர் இலையை உருவினான்,
கட்டைவிரலால் தேய்த்தான், முகர்ந்தான்.
'காய்ந்து கிடந்து, அப்புறம் ஊறியிருக்கிறது'
என்றான் எழுத்தரிடம்.
என் நோட்டைப் பார்க்காதவன்
தேதி மட்டும்தான் சொல்லவில்லை.

சீட்டில் கிலோவுக்கு எண்பது சென்ட்.
வேண்டாமென்றால் சீட்டைக் கிழிக்கலாம்.
கிழித்தால் சிப்பம் என்னோடு திரும்பி வரும்;
கடன் ஏற்கெனவே என்னோடுதான் இருக்கிறது.
'செக்கெசாய்' என்று என் பெயரைச் சரியாகவே எழுதியிருந்தார்கள்.
நாலாய் மடித்து வைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பிய இரவு
வெறுந்தண்டுகள் மேல் விடிய விடியக் கொட்டியது.
காலையில் போத்தலைக் கவிழ்க்கும் முன் அளந்தேன்.
ஏப்ரல் 17: முப்பத்தொன்று.
ஸ்விட்ஸாய் ஐயா, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்,
சராசரிக்கு உதவும்.