ஒற்றைப்படை

மில் ஹாஸ்டலில் போன் கூடாது.
கேம் பெட்டி போன் இல்லை என்று
வார்டன் ருக்குமணியக்காவிடம் வாதாடி ஜெயித்தவள் தேன்மலர்.
அவள் அண்ணன் உக்கடம் பழைய சாமான் கடையில்
எழுநூறுக்கு எடுத்தது.
தட்டு போடும் மூடி இல்லை.
இடது பொத்தான் அமுங்கினால் எழாது.
திரை நாலு விரல் அகலம்,
அதன் மேல் ஆறு தலை.

நாங்கள் பார்க்க வேண்டியது பதினோரு நிமிஷம்.
காங்கயம் கபடி. கடைசி ரைடு.
ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம்,
கோகிலவாணி உள்ளே போகிறாள்,
விசில். அவுட்.
"கோட்டத் தொடவே இல்லீங்"
என்று அன்றைக்கு ரெஃப்ரீயிடம் சொன்னதை
ரிங் ஃப்ரேம் இரைச்சலுக்கு மேலே கத்தி
ரெண்டு மாசமாய் எங்களிடம் சொல்கிறாள்.

முதல் வாரம் அப்படியே ஏற்றினேன்.
பெட்டி திணறியது.
சத்தம் முன்னே ஓட
படம் நொண்டிக்கொண்டு பின்னால் வந்தது.
விசில் ஊதி அடங்கிய பிறகுதான்
அவள் கால் காற்றிலிருந்து இறங்கியது.
"பாத்தீங்களா, கால் வெக்கறதுக்கு முந்தியே ஊதிப்போட்டான்!"
நான் சொன்னேன்,
பெட்டி இழுக்குதுடி, சரி பண்ணித் தர்றேன்.

ஞாயிறு வெளியே விடுவது ரெண்டு மணி நேரம்.
அவிநாசிக்குப் போக வர முக்கால் மணி.
சாதிக் அண்ணன் சென்டரில்
எனக்கு எப்போதும் மூலை கம்ப்யூட்டர்,
அது அந்தப் பெட்டிக்கே அக்கா.
அகலம் நானூற்றி எண்பது,
உயரம் இருநூற்றி எழுபத்திரண்டு,
அதற்கு மேல் ஒரு புள்ளியும் வீண்.
சத்தம் ஒற்றைக் காதுக்குப் போதும்.
முன்னும் பின்னும் பார்த்து
நடுவில் இருப்பதை ஊகிக்கும் சாமர்த்தியம்
இந்தப் பெட்டிக்கு ஆகாது, எடுத்துவிடு.
நூல் மாதிரித்தான்.
பழைய மெஷினில் அறுபதாம் நம்பர் போட்டால்
அறுந்து அறுந்து விழும்,
ஓடியோடிப் பிணைக்க வேண்டும்.
நாற்பதுக்கு இறக்கினால் ஓடும்.

அடுத்த வாரமும் திணறியது.
பெட்டியின் வேகத்தை முந்நூற்றி முப்பத்துமூன்றுக்கு ஏற்றினேன்.
கை சுட்டது, பேட்டரி பாதியில் செத்தது.
மிச்சம் ஒரே வழி.
நொடிக்கு முப்பது படத்தைப் பதினைந்தாக்குவது.
ஒன்று, மூன்று, ஐந்து என
ஒற்றைப்படை நிற்கும்,
இரட்டைப்படை போகும்.

எது போகிறது என்று பார்க்கத்தான்
ஒவ்வொரு படமாய் நகர்த்தினேன்.
பத்தொன்பதாயிரத்து நூற்றிப் பதினாறு:
கால் கோட்டுக்கு உள்ளே.
பதினேழு:
கட்டைவிரல். சுண்ணாம்பு.
பதினெட்டு: கால் மறுபடி உள்ளே.

ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு.
அந்த ரெஃப்ரீக்கு எப்பேர்ப்பட்ட கண்.

பதினேழு ஒற்றைப்படை. நிற்கும்.

சாதிக் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார்,
"பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா."
நான் ஆரம்பத்துக்குப் போய்
முதல் படத்தை மட்டும் வெட்டினேன்.
அதில் ஒன்றுமில்லை,
காலி பிளாஸ்டிக் சேர், பாதி வானம்,
யாருக்கும் வேண்டாதது.
எல்லாப் படமும் ஒன்று முன்னால் நகர்ந்தது.
பதினேழு பதினாறானது.
ஓகே அழுத்தினேன்.

ராத்திரி, ரெண்டாம் ஷிப்ட் விட்டு,
தலைமுடியில் பஞ்சோடு
ஆறு பேரும் கட்டிலில் குவிந்தோம்.
வெண்ணெய் மாதிரி ஓடியது.
விசிலும் காலும் சேர்ந்தே வந்தன.
கால் உள்ளே. கால் உள்ளே.
கோடு தனியாக வெள்ளையாய்க் கிடந்தது.
தேன்மலர் கட்டிலைக் குத்தினாள்,
"அநியாயமடி, இந்த வீடியோவ அவனுக்கு அனுப்போணும்."
ஜெயித்த மாதிரி ஒரே கத்தல்.
ருக்குமணியக்கா கதவைத் தட்டினாள்.

கோகிலா கத்தவில்லை.
"இன்னொருக்கா போடு" என்றாள்.
போட்டேன்.
அவள் திரையைப் பார்க்கவில்லை.
போர்வைக்குள்ளே
வலது கால் கட்டைவிரலை
இடது குதிகாலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
பேட்டரி விளக்கு ஆரஞ்சுக்கு மாறியது.
"போதும், சார்ஜ் போடு" என்றாள்,
என்னைப் பார்த்து.