நூற்றுப் பதினெட்டு

கோணமானியின் ஒரு கை தொடை எலும்போடு,
மறு கை கணுக்காலைப் பார்த்து,
நடு ஆணி முழங்காலின் வெளிமேட்டில்.
பள்ளிக்கூட ஜியாமெட்ரி பெட்டியில் கிடந்ததுதான்,
இரண்டு கை முளைத்து
புந்தா அரேனாஸ் வரைக்கும் வேலைக்கு வந்திருக்கிறது.

மடக்குங்கள், என்கிறேன்.
மடக்குகிறார் எலெயோதோரோ உவென்சூர்.
ஐம்பத்து மூன்று வயது. செம்மறிக்கு ரோமம் கத்தரிப்பவர்.
இடது காலில் ஒரு தகடு, ஆறு திருகு.

நான் மூட்டை அளக்க
அவர் கதை அளக்கிறார்:
ஒரே நாளில் இருநூற்றுப் பத்து ஆடு,
மழை மட்டும் வராதிருந்தால் முந்நூறு.
கோடு நூற்று இருபத்தைந்தில் நிற்கிறது.
இடுப்பை இறக்குங்கள்.
மெத்தையிலிருந்து இரண்டு விரல் எழும்பியிருந்த இடுப்பு
குற்றம் பிடிபட்ட பையன்போல இறங்குகிறது.
நூற்றுப் பதினொன்று.
மூச்சை விட்டு, மறுபடி.
நூற்றுப் பதினெட்டு. இம்முறை யோக்கியமாக.

காப்பீட்டுப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
நூற்று இருபதோ அதற்கு மேலோ என்றால் வேலைக்குத் தகுதி.
சனிக்கிழமைப் படகில் அவர் குழு நீரிணை கடக்கிறது,
பதினொரு பேரும் ஒரு சமையல்காரரும்.
அவருடைய இடத்தை வெள்ளி மாலைவரை
காலியாக வைத்திருக்கிறார்களாம்.

"ரெண்டு பாகைதானே, சென்யோரா."

இரண்டு பாகை என்பது
நிமிட முள் இருபது நொடியில் நகரும் தூரம்.

புதன்கிழமை இதே காலை அளந்து
நூற்று இருபத்து மூன்று எழுதியிருக்கிறாள் யாஸ்னா.
அவள் பொய் எழுதுகிறவள் இல்லை. நானும் இல்லை.
கைக்குக் கை ஐந்து பாகை மாறும்,
அதைத் தேறுதல் என்றும் சொல்லாதே, சரிவு என்றும் சொல்லாதே
என்று எங்களுக்குக் கற்பித்தார்கள்.
படிவத்துக்கு யாரும் கற்பிக்கவில்லை.

அவர் மடக்கியது செய்வினை.
இனி செயப்பாட்டு வினை:
கால் அவருடையது, மடக்குவது நான்.
இங்கே கருவி தேவையில்லை, உள்ளங்கை போதும்.
கெண்டைச் சதை தொடையில் அமுங்கி நின்றால்
மெத்தென்று ஒரு முடிவு.
தசைநார் பிடித்தால் தோல்வாரின் இழுப்பு.
எலும்போடு எலும்பு என்றால் கதவு சாத்தியதுபோல்.

இங்கே எதுவும் தடுக்கவில்லை.
உள்ளே இன்னும் இடம் இருக்கிறது, விரலுக்குத் தெரிகிறது.
அவர்தான் என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார்.

வெற்று முடிவு என்பார்கள் இதை.
உடம்பு நிறுத்தும் முன்பே
ஆள் நிறுத்திவிடுவது.

கதை நின்றுவிட்டது.
"இந்த எடத்துலதான் சத்தம் கேட்டது" என்கிறார்.
ஜூலை. உறைந்த சாலை. புரண்ட டிரெய்லர்.
"காலைப் பாக்கல.
நாய் கொரைக்கிறத நிறுத்திச்சு,
அதத்தான் பாத்தேன்."

ஓர் ஆட்டை முட்டிகளுக்குள் இடுக்க எத்தனை பாகை வேண்டும்?
என்னிடமிருக்கும் எந்த அட்டவணையிலும் இல்லை.
கேட்டதும் எழுந்து தலையணையை வாரிக்கொண்டார்.
கழுத்தைத் திருப்பி, வயிற்றை வழித்து,
இல்லாத கத்தரியால் நீள நீளமாக.
கோணமானியோடு நான் பின்னாலேயே குனிந்து ஓடினேன்.
ஒரு வீச்சில் அந்த இடது முழங்கால்
நூற்று இருபதைத் தாண்டித் தாழ்ந்ததைப் பார்த்தேன்,
சத்தியமாகப் பார்த்தேன்.
அடுத்த வீச்சில் முழு எடையும்
வலது காலுக்கு நழுவிப் போனதையும் பார்த்தேன்.

கண் அளவுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

நூற்றுப் பதினெட்டு என்று எழுதினேன்.
ஓரத்தில், பொடி எழுத்தில்: முடிவு, வெற்று.
தலைகீழாகவே படித்துவிட்டார்.
தலையணையைத் தட்டி உப்பவைத்து
இருந்த இடத்தில் வைத்தார்.
தொப்பியைத் தேடினார், கையில் இருந்தது.

ஜன்னலில் நின்றேன்.
பிளாசா முனையில் நகராட்சி கட்டிய கயிற்றைப் பிடித்தபடி
காற்றுக்குள் சாய்ந்து போனார்,
தரையோடு அவர் வைத்த கோணம் எழுபது இருக்கும்.
பேருந்தின் முதல் படி.
அதில் ஏற எண்பத்தைந்து போதும்.
இடது காலை வைத்தார்.
எடுத்தார்.
வலது காலை வைத்தார்.
ஓட்டுநர் கதவை மூடப் பார்த்தார்,
காற்று விடவில்லை.