பற்சக்கரம்

இந்த வீட்டில் இப்போது எல்லாமே பல் கணக்கு.
முன்னால் முப்பத்தாறு, பின்னால் இருபத்தெட்டு.
எடில்சனுக்குப் பதின்மூன்று வயது.
இரவுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்குகளை மேசைமேல் வரிசையாக நகர்த்தி
துய்தாமாவிலிருந்து மேலே போகும் சாலையின்
வளைவுகளைக் காட்டுகிறான்.
யூரானிக்கு எட்டு. முன்பல் இரண்டு இல்லை.
ஒன்று தானாக விழுந்தது.
மற்றது சந்தை இறக்கத்தில், பிரேக் பிடிக்காத அன்று.
அதையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறாள்.

நான் பால் நிலையத்தில் கேன் நிறுப்பவள்.
விடியும்முன் எழுந்து
கொழுப்பின் அளவு, ரசீது, மறுபடி கேன்.
இவர்கள் பேச்சு ஒரு காதில் புகுந்து
மறு காதில் போய்விடும்
என்றுதான் நினைத்திருந்தேன்.

போன செவ்வாய் செயின் கழன்றது.
சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து
நோயாளியைச் சுற்றி நிற்பதுபோல்
இரண்டு பேரும் நின்றார்கள்.
துணி உலர்த்திக்கொண்டிருந்தவள்
வாயில் கிளிப்போடு வந்தேன்.
ஒரு கண்ணியைப் பல்லில் மாட்டி
பெடலை ஒரு சுற்று. ஏறிக்கொண்டது.
எடில்சன் என் விரல்களைப் பார்த்தான்,
பிறகு முகத்தை.
"உனக்கு எப்படிம்மா தெரியும்?"
வாயில் கிளிப் இருந்தது,
நல்லவேளை.

நீல நிறம். பின்சட்டத்தில் ஒரு நெளிசல்.
இவன் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது விற்றேன்.
வாங்கியவன் சோகமோசோக்காரன்,
பேரம் பேசவில்லை, அதுதான் வலித்தது.
விற்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை,
அதையும் சொல்லிவிட வேண்டும்.
அந்தப் பணத்தில் வாங்கிய குளிர்ப்பெட்டி
அடுக்களையில் இன்னும் ஓடுகிறது.
இரவில் உறுமும். மேடு ஏறுகிற மாதிரி.
அதன் கதவில்தான் பிள்ளைகள்
தண்ணீர்ப் போத்தல்களைச் சொருகி வைக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை
என் மகன் எனக்காக இருக்கையை இறக்கினான்,
இரண்டு விரற்கடை.
எப்போது இவ்வளவு வளர்ந்தாய் என்று கேட்கவில்லை.
யூரானி என் தலைக்கவசத்தின் வாரை இழுத்துப் பூட்டியதில்
தாடைச் சதையும் சேர்ந்து மாட்டியது.
"அசையாதே" என்றாள்,
நான் அவளுக்குச் சொல்லும் அதே எரிச்சலோடு.

முதல் நூறு கெஜம்
முழங்கால்கள் மட்டும் பேசின.
யூகலிப்டஸ் வாசனை, ஈரச் சாணம்,
எதிரே உருளைக்கிழங்கு லாரி.
இரவல் சைக்கிளில் பின்னால் எடில்சன்:
"கியரை மாத்து! முழங்கையை மடக்கு! சீக்கிரம் மாத்தும்மா!"
பால்வண்டி அரிஸ்டிடஸ் ஹாரன் அடித்துக் கத்தினார்:
"நூபியா! யார் துரத்துறாங்க?"
பதில் சொல்ல மூச்சில்லை.
இருந்திருந்தாலும்
என்ன சொல்லியிருப்பேனோ.

மூன்றாம் வளைவில் இறங்கித் தள்ளினேன்.
அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.
கொஞ்சம் இருந்தது.
மூடுபனி சாலைக்கு இறங்கி வந்திருந்தது.
பிள்ளைகள் மேலே ஓட்டிப் போனார்கள், திரும்பி வந்தார்கள்,
நாய்க்குட்டிகள்போல இன்னொரு முறை போனார்கள்.

இறங்கும்போது சந்தைக்கு முன்னால் யூரானி கத்தினாள்:
"இங்கேதான் என் பல்லு!"
என் விரல்கள் பிரேக்மேல் இருந்தன.
அழுத்தினேன். பாதி.
கண்ணில் நீர் வந்தது காற்றால்தான்.
வேறு காரணம் தேடாதீர்கள்.

இரவு மறுபடியும் உருளைக்கிழங்குகள்.
மலை மேசைமேல் ஏறிக்கொண்டிருந்தது.
நான் கையை நீட்டி
மூன்றாவதை இடப்பக்கம் தள்ளினேன்.
"இந்த வளைவு இன்னும் இறுக்கம்.
உள்பக்கமாப் போகாதே, ஜல்லி கிடக்கும்."
இருவரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

உப்பு தொட்டு
அந்த வளைவை நான் தின்றேன்.