தட்டு எண் பதினேழு

பெலேமில் மழை நேரம் தவறாது.
யாரையும் சந்திக்கக் கடிகாரம் வேண்டாம்;
மழைக்கு முன்பா, பின்பா என்றால் போதும்.
முடிவு சொல்கிறேன், மழைக்குப் பின் வா என்றிருந்தேன்.
எதினால்டோ வந்தான், சட்டையில் மீன்வாடை,
கையில் தெருமரத்திலிருந்து விழுந்து வெடித்த மாம்பழம்.

அவன் வீட்டில் ஏழு பேர்.
ஒரே கொசுவலை, அதிலும் ஓட்டை.
போன மார்ச்சில் டெங்கு வந்து ஆறு பேர் படுத்தார்கள்.
எலும்பு நொறுங்குகிறதென்று லுசிமார் அழுதாள்.
இவன் மட்டும் படகுத்துறையில் மூட்டை தூக்கினான்.
"என் ரத்தம் கசப்பு, டாக்டர்."
நான் டாக்டர் இல்லை, ஊசி குத்துகிறவள்.
மூன்று முறை சொல்லிவிட்டேன்.

உள்ளே, குளிரறையில், வேறு கணக்கு.
மனிதச் செல்கள், கோடிக்கணக்கில்.
ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மரபணுவை
வெட்டி ஊமையாக்கியிருந்தோம்.
இருபதாயிரம் வகைக் குறை.
மேலே வைரஸை ஊற்றிவிட்டு
வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனேன்.
திங்களன்று தட்டெல்லாம் மிதக்கும் குப்பை.
பதினேழில் மட்டும்
அடியை விடாமல் பற்றிக்கொண்டு
ஒரு சிறு கூட்டம்.

எது இருந்ததால் பிழைத்தன என்று கேட்கக் கூடாது.
எது இல்லாததால்.

அந்த இல்லாததைத் தேடிப் படித்தோம்.
வைரஸுக்கென்று யாரும் திறந்துவைத்த கதவல்ல.
அடுப்படி.
செல் தன் புரதங்களை மடித்தெடுக்கும் இடம்.
அழையாமல் வந்தது
நம் அடுப்பில் தன் உலையை ஏற்றியிருக்கிறது.
அடுப்பை இழந்தவை பிழைத்தன;
பிழைத்து, அரைவயிறாய், மெதுவாய் வளர்கின்றன.
ஜோவெலீனா கைதட்டினாள், அவள்தான் ஆய்வுத் தலைவர்.
நான் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்:
அடுப்பை அணை என்று
ஒரு முழு உடம்பிடம் எப்படிச் சொல்வது?

எதினால்டோவிடம் கசப்பெல்லாம் இல்லை.
எதிர்ப்பொருள்கள் தெளிவாக இருக்கின்றன.
அவனுக்குள்ளும் வந்திருக்கிறது,
ஒருமுறைக்கு இருமுறை.
வந்து, உட்கார்ந்து,
ஒரு தலைவலியைக்கூட எழுப்பாமல் போயிருக்கிறது.

"ஏன்?"
தெரியாது. அதைத்தான் தேடுகிறோம்.
உன் ரத்தம் இன்னும் கொஞ்சம் வேண்டும்,
லுசிமாருடையதும்.

சட்டைக்கையைச் சுருட்டியவன் பாதியில் நின்றான்.
"எனக்குள் இருந்தபோது
கொசு என்னைக் கடித்திருக்கும்தானே?"
கடித்திருக்கும்.
"அப்போ வீட்டுக்குக் கொண்டுவந்தது நானா?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றேன்.
மாம்பழச் சாறு மேசையில் பரவிக்கொண்டிருந்தது.
லுசிமாரின் குழாய்க்கென எழுதிய பெயர்ச்சீட்டு
என் விரலிலேயே ஒட்டிக் கிடந்தது.