கட்டம் பதினான்கு

ஹம்ரானியாவில் காலை ஆறே கால்.
மலை தன் நிழலை இன்னும் சுருட்டிக்கொள்ளவில்லை.
டேப்பின் ஒரு முனை எஸ்தாக்கியிடம்,
மறுமுனை என்னிடம்,
நடுவில் இருபது மீட்டர் முள்.

படிவம் கேட்கிறது:
இயற்கைக் காடா, நட்டதா, தரிசா?
ஒன்றில் மட்டும் குறியிடவும்.

நட்டது பேரீச்சை.
இன்னும் நிற்கிறது, தலையில்லாமல்,
எட்டுக்கு எட்டு அளந்த வரிசையில்.
கிணறு உப்புக் கக்கிய வருடம்
பம்பைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.
சொட்டுநீர்க் குழாய்களை விட்டுப்போனார்கள்.
அவற்றைத் தூக்கினால் அடியில் பல்லி.

நடாமல் வந்தது சீமைக்கருவேலம்.
ஆட்டின் வயிற்றில் ஏறி
புழுக்கையோடு இறங்கிய விதை.
"நம்ம வேலிகாத்தான்ல இது?" என்றான் எஸ்தாக்கி,
கடன் கொடுத்தவனை ஏர்போர்ட்டில் பார்த்த குரலில்.
அதுக்கு நம்ம ஊரும் ஊரில்லடா என்றேன்.

இரண்டாம் காடு என்றால் என்ன,
ஒரே வரியில் எழுதி அனுப்பு என்கிறது அலுவலகம்.
எழுதிப் பார்த்தேன்:
இருந்தது போன பிறகு யாரும் கூப்பிடாமல் வந்தது.
அடித்தேன்.
கலைத்த கை விலகியதும் தானாக எழுவது.
அதையும் அடித்தேன்.
எந்தக் கை விலகியது இங்கே?
ஒட்டகங்கள் இன்றும் வந்திருக்கின்றன, சாணம் ஈரம்.
அவற்றின் கழுத்து எட்டும் உயரம் வரை
மரமெல்லாம் ஒரே கோட்டில் மொட்டை,
அதற்கு மேலேதான் இலை.
வடக்கே, வாதியில் என்றோ ஓடிய வெள்ளம்
கொண்டுவந்து கொட்டிய கூழாங்கல்மேல்
எல்லாம் ஒரே வயது, ஒரே தடிமன்.
உப்புப் பூத்த மேற்கில் முழங்காலுக்கு மேல் ஒன்றுமில்லை.
எது கலைத்ததோ
அதன் அச்சில் வளர்ந்திருக்கிறது ஒவ்வொரு துண்டும்.

தென்மேற்கு மூலையில் திடீரென்று வெளிச்சம்.
பதினொரு அடிக்கட்டைகள்.
ஒவ்வொன்றிலிருந்தும் ஏழெட்டுக் கிளைகள் கோபமாய்க் கிளம்பியிருக்கின்றன.
வெட்டெல்லாம் ஒரே சாய்வு.
எஸ்தாக்கி குனிந்து, இல்லாத கோடரியை ஓங்கிப் பார்த்தான்.
பொருந்தவில்லை.
கை மாற்றினான்.
பொருந்தியது.

பக்கத்திலேயே ப்ளைவுட் அறை, பாதிக் கூரை.
மூன்று கல், கரியேறிய பால் டின்.
சுவரில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் மாதங்கள்,
நேரே எண்கள்.
எண்களைப் படித்தேன்.
அறுநூறு, அறுநூறு, முந்நூறு,
பிறகு ஒன்பது மாதங்களுக்கு நேரே
ஒன்றுமில்லை.

பம்பு போனது. அவன் போகவில்லை.
பாஸ்போர்ட் யாரிடமோ இருந்திருக்கும்.
டீக்கு, ரொட்டிக்கு, ஜனவரிக் குளிருக்கு
கைக்கெட்டிய மரத்தை வெட்டியிருக்கிறான்.

கருவேல நிழலில் புல்கூட இல்லை,
நாங்களே குனிந்து குனிந்து தேடினோம்.
இந்தக் கட்டத்தில் வேறெங்கும் இல்லாமல்
அவன் திறந்துவைத்த வெளிச்சத்தில் மட்டும்
நான்கு காஃப் கன்றுகள்.
நமக்கு அது வன்னி.
மறைந்து வாழப் போனவர்கள்
ஆயுதத்தை ஒளித்துவைத்த மரம்.
உயரம்: பதினேழு, இருபத்திரண்டு, பத்தொன்பது, ஒன்பது சென்டிமீட்டர்.
ஒன்பதை இரண்டு தடவை அளந்தேன்.

இடையூறு: தீ, வெள்ளம், மேய்ச்சல், வெட்டு, பிற.
வெட்டு.
விவரம் என்று ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள்.
எழுதினேன்:
ஓர் ஆள். இடது கை. குறைந்தது ஒன்பது மாதம்.

காட்டின் வகை இன்னும் காலி.
எஸ்தாக்கி டேப்பைச் சுருட்ட
அதோடு ஒரு முள்ளும் வந்து விரலில் ஏறியது.
உறிஞ்சித் துப்பிவிட்டு
பதினைந்து எந்தப் பக்கம் என்றான்.