சலவையறையில் கோப்பை

கடைசிக் கோப்பை வந்த மறுவாரம்
நான் வேலைக்குச் சேர்ந்தேன்.
அதன்பின் முப்பத்தோரு வருடம் ஒன்றும் வரவில்லை.
ராசியில்லாதவள் என்று சிலர் சொன்னது
காதில் விழுந்தது. மெஷின் சத்தம் அதிகம்,
விழாததுபோல் இருந்துகொண்டேன்.

ஆட்டம் பார்த்ததில்லை.
சான் எலாடியோ கிளப் என்ன ஆனதென்று
கூடையில் விழும் துணியின் எடை சொல்லும்.
தோற்ற வருடங்களில்
காற்சட்டையின் பின்பக்கம்தான் மண்,
முழங்காலில் இருக்காது.
உருகுவாய் நதியோரத்து ஊர்களெல்லாம்
முறைவைத்து எங்களை வெளுத்து வாங்கின.
மிச்சத்தை நான் வெளுத்தேன்.

இறைச்சி ஆலை மூடிய ஆண்டு
சோப்புக்குக் காசில்லை.
ஆலையில் மிஞ்சிய கொழுப்பில் நானே காய்ச்சினேன்.
பதினோரு பேரும் மாட்டுவாடையோடு ஓடினார்கள்.
எதிரணி மூக்கைப் பொத்திக்கொண்டே
நான்கு கோல் போட்டது.

இந்தப் பிப்ரவரியில்
முதலில் கவனித்தது எட்டாம் எண் உடுப்பை.
ரொட்டிக்கடையில் இரவு வேலை பார்க்கும் வில்மார்.
காலரில் எப்போதும் மாவு இருக்கும்.
இப்போது இரண்டு முழங்காலிலும்
புல்லின் பச்சை.
அடுத்த வாரம் மூன்று பேர்.
ஏப்ரலில் கோல்கீப்பர் ஒசிரிஸின் முழங்கையில் ரத்தம்.
குளிர்ந்த நீர், உப்பு, பொறுமை;
வெந்நீர் பட்டால் கறை குடியேறிவிடும்.

ஜூலையில் பாம்பேரோக் காற்று
கொடிக்கயிற்றோடு ஒன்பது சட்டைகளை
ஆற்றில் எறிந்தது.
பள்ளிப் பிள்ளைகளின் சட்டைகளில் விடிய விடிய எண் தைத்தேன்.
தொப்புள் தெரிய ஆடி ஜெயித்தார்கள்.

நவம்பர் கடைசி ஞாயிறு. மழை.
கூரைத் தகரம் அதிர்ந்தது.
இடியென்று மெஷினின் பிளக்கைப் பிடுங்கினேன்.
இடிக்குப் பாடத் தெரியாது என்பது
கொஞ்சம் கழித்தே உறைத்தது.

பரிசு அலமாரியின் சாவி யாரிடமும் இல்லை.
கடைசியாகத் திறந்தவர் கிழவர் எட்செகாராய்;
கோட்டோடு அவரைப் புதைத்தோம்,
கோட்டுப் பையை யாரும் பார்க்கவில்லை.
கண்ணாடியை உடைப்போம் என்றான் ஒசிரிஸ்.
தலைவி நெல்சி முறைத்தாள்.
அதனால் கோப்பை இங்கே, மெஷின்மேல்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி, துணி காத்திருக்காது.
பிழியும் சுற்றில் மெஷின் குதிக்கிறது,
கோப்பை ஓரத்துக்கு நடக்கிறது.
ஒரு கையால் அதன் காதைப் பிடித்துக்கொண்டு
மறுகையால் கூடையைத் துழாவுகிறேன்.
காலுறைகளில் எப்போதும் ஒன்று குறையும்.
இன்றும்.